ஏழாம் வசனத்திலிருந்து வாசிப்பவர்கள்

மகன்,

நேற்று மத்தியானம் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் கேட்டபோது, குரல் ஏன் இப்படி அடைத்துப்போய்க் கிடக்கிறது, இவன் சாப்பிட்டானா இல்லையா என்றுதான் மனம் போனது. தாய்க்கு முதலில் காதில் விழுவது அதுதான். இரண்டாம் தரம்தான் நீ கேட்பது என்னவென்று விளங்கியது. "அம்மா, நாளையிண்டைக்கி காலைல ஒருக்கா கவுன்சில் வாசலுக்கு வாங்க. நீங்க வந்து ரெண்டு வசனம் சொல்லி ஒரு செபமும் பண்ணினீங்க எண்டா அதுகள் எழும்பிப் போயிடுங்கள். உங்கட சொல்லத் தட்டமாட்டாங்க." மூன்றாம் தரம் கேட்டது அந்த 'அதுகள்' என்ற ஒரு சொல்லுக்காக. போன வருடம் இதே ஆட்களை 'எங்கட சனம்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நீ. கேட்டு முடித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

இதற்குப் பதிலைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீ கதைக்கத் தொடங்கினால் உன் அப்பாவைப் போலத்தான், இடையில் ஒரு சொல் போட இடம் கிடைக்காது. அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதுமில்லை. போன வருடம் என்னைக் கேட்காமல் என் முகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினாய். இந்தக் கடிதத்தை உன்னைக் கேட்காமல் நான் அனுப்புகிறேன். பிரதேச சபையின் உப தவிசாளருக்கு ஒரு தாய் எழுதியதை நாலு பேர் வாசித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாலு பேர் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். நம் தேவாலயத்தில் யாரும் எழுதி ஒட்டாத ஒரு ஒழுங்கு உண்டு. முன் வரிசை வாங்குகளில் வயல்காரர், மில்காரர், கந்தோரில் பெரிய வேலை பார்ப்பவர்கள். நடுவில் என்னைப் போன்ற ஆசிரியர்மார். கடைசி இரண்டு வாங்குகளில் பிரதேச சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்களைச் சீருடையில்லாமல் காணலாம். அந்தக் கடைசி வாங்கில், சுவரோரமாக, எஸ்தர் அக்கா இருப்பாள். கடல் ஊருக்குள் வந்த அந்தக் கிழமை உனக்குப் பதின்மூன்று வயது. மருதமுனைப் பக்கத்திலிருந்து இங்கே வரைக்கும் கரையெல்லாம் சனம் செத்துக் கிடந்தபோது, எஸ்தர் அக்காவும் அவளுடைய புருஷனும் கையுறை இல்லாமல் பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொண்டு தூக்கினார்கள். முஸ்லிமா, இந்துவா, வேதக்காரரா என்று அவர்கள் பார்க்கவில்லை. அந்தக் கிழமை அவர்களை வேலைக்கு எடுத்தபோது கடிதத்தில் 'தற்காலிகம்' என்று போட்டிருந்தது. இன்றைக்கும் அதுதான் போட்டிருக்கிறது. அவளுடைய புருஷன் தற்காலிகமாகவே வேலை செய்து தற்காலிகமாகவே செத்தும் போனான். நீ மதிலில் இருந்து அவர்கள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று பின்னேரம் நீ ஒன்றும் சாப்பிடவில்லை. உன் அரசியல் அங்கேதான் தொடங்கியது என்று நீ பேட்டிகளில் சொன்னபோது நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு நோகிறது.

உன் அப்பா டிப்போவில் கண்டக்டராக இருந்தவர், தொழிற்சங்கக்காரர், பழைய சிவப்பு. நான் பாடசாலை ஆசிரியை, தேவாலயத்தில் பிரசங்கம் பண்ணுகிறவள். கட்சிக்குள் அவரைப் 'பாதிரியார்' என்று நக்கலடிப்பார்கள். தேவாலயத்துக்குள் என்னைச் 'சிவப்பு டீச்சர்' என்று குசுகுசுப்பார்கள். இரண்டு இடத்திலும் நாங்கள் முழு ஆட்களாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு நான் ஆராதனையால் வரும்போது, அவர் கட்சிப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, பணக்காரன் பரலோகம் போகிறதைவிட ஒட்டகம் ஊசிக்கண்ணுக்குள்ளால் போவது லேசு என்ற வசனத்தை வைத்து நக்கலாகக் கேட்பார், "என்ன கா, இண்டைக்கும் ஒட்டகம் ஊசிக்குள்ளால போகல்லயா?" நான், "உங்கட புரட்சி வரட்டும், ரெண்டும் ஒண்டாப் போகும்" என்பேன். நீ இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாய். ஆனால் எல்லா நாளும் சிரிப்பில் முடியவில்லை. உன்ர வேதம் பணக்காரனுக்குக் காவல் நிற்கிறது என்று அவர் சொல்வார். உங்கட கட்சி கடவுளுடைய கதிரையில் தான் ஏறி இருக்கப் பார்க்கிறது என்று நான் சொல்வேன். இரண்டு பேரும் கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் பிழையாகவும் இருந்தோம் என்று இப்போது படுகிறது. சொல்ல அவர் இல்லை.

இனி நான் மறைத்து வைத்த ஒன்றைச் சொல்கிறேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அவர் உயிரோடு இருக்கும்போது அவரோடும் கதைத்ததில்லை.

அறுவடைப் பண்டிகை ஞாயிறுக்கு நம் தேவாலயத்தில் என்ன வாசிப்பு என்று உனக்குத் தெரியும். யாக்கோபு எழுதிய நிருபத்தில் ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனத்திலிருந்து. பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருக்கிறான், நீங்களும் அப்படிப் பொறுமையாக இருங்கள் என்று வரும் பகுதி. மாரி வேளாண்மை வெட்டி முடித்த கையோடு வரும் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பு எங்கே கிடைக்கும்? யார் எப்போது தொடங்கிவைத்தார்கள் என்று தெரியாது. என் சிறுவயதிலும் அதுதான், நான் பிரசங்கத்துக்கு ஏறிய பிறகும் அதுதான். ஏழில் தொடங்குகிற வாசிப்புக்கு முன்னால் ஆறு வசனம் இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை. முன் வாங்கில் இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றாததில் அதிசயமில்லை.

நீ முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் டிப்போவில் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்து ஆட்கள் சிலரைக் காரணமில்லாமல் வேலையால் நிறுத்திவிட்டார்கள் என்று தொடங்கியது, மூன்றாம் கிழமைக்கு இழுபட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பால்மா இல்லாமல் தொழிலாளர்களின் மனைவிமார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த நேரத்துப் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, பெண்களோடு நல்ல வார்த்தையாகக் கதை, குடும்பங்கள் உடைந்துபோகும் என்றார். நான் அவர்களை வீட்டு விறாந்தையில் இருத்தி வைத்து அந்த ஏழாம் வசனத்தை வாசித்தேன். பொறுமையாக இருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார், வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்புங்கள் என்று செபித்தேன். அழுதுகொண்டு போனார்கள். இரண்டு நாளில் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள், நிறுத்தம் உடைந்தது. திரும்பியவர்களை எடுத்தார்கள். முதலில் நிறுத்தப்பட்டவர்களை எடுக்கவில்லை. உன் சம்சுதீன் மாமா, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், அதில் ஒருவர். அப்பாவோடு ஒரே பஸ்ஸில் ஓடிய சாரதி, ஜும்ஆவுக்குப் போய்விட்டு நேரே சங்கக் கூட்டத்துக்கு வருகிற மனிதன், அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் காக்கிச் சட்டையைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாடகை லொறி ஓட்டப் போனார். உன் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. நம் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்பா அன்று வேலையால் வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். பிறகு, "நீ அவங்களுக்கு வாசிச்ச வசனத்துக்கு முன்னுக்கு ஆறு வசனம் கிடக்கு. நேரம் கிடைச்சா ஒருக்கா வாசிச்சுப் பாரு" என்றார். அவ்வளவுதான். தேவாலயத்துக்கே வராத மனிதனுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில் வாசித்தேன். பணக்காரரே அழுங்கள் என்று தொடங்குகிறது. உங்கள் வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிற கூலி தானே வாயைத் திறந்து சத்தம் போடுகிறது, அந்தச் சத்தம் மேலே கேட்டுவிட்டது என்று போகிறது. அதற்குப் பிறகுதான், அந்த அநியாயம் பட்டவர்களுக்கு, ஏழாம் வசனம். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த அறுவடை ஞாயிறு ஏறியபோதும் ஏழிலேயே தொடங்கினேன், அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். தெரிந்துகொண்டு செய்ததுதான் பெரிய பிழை, மகன். தெரியாமல் செய்ததற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கலாம், தெரிந்து செய்ததற்கு முதலில் சம்சுதீன் காக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவருக்கு என் பங்கு தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த புரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன்.

போன வருடம் அறுவடைப் பண்டிகைக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் நீ வந்தாய். உள்ளூராட்சித் தேர்தல் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். சமையலறைக் கட்டின் மேல் ஏறி இருந்துகொண்டு, "அம்மா, இந்த முறை ஏழில தொடங்காதீங்க. ஒண்டில இருந்து வாசிங்க. கடைசி வாங்கில இரிக்கிற ஆக்களுக்கு அவங்கட வேதத்த ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க" என்றாய். நீ அதைச் சொன்ன விதத்தில் உன் அப்பா பேசுவது போலவே இருந்தது. இத்தனை வருடமும் நான் செய்யப் பயந்த ஒன்றை என் பிள்ளை வந்து கேட்கிறான், அவர் இருந்தால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து கேட்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு இரவு நித்திரையில்லாமல் பிரசங்கத்தை எழுதினேன்.

அந்த ஞாயிறு பீடத்துக்கு முன்னால் கதிர்க்கட்டுகள், பூசணிக்காய், வாழைக்குலை, தேங்காய் எல்லாம் குவிந்திருந்தன. பெரிய கதிர்க்கட்டு வழக்கம் போல மில்காரருடையது. நான் முதலாம் வசனத்திலிருந்து வாசித்தேன். முன் வாங்கில் ஒருவர் இருமினார், பிறகு இன்னொருவர் இருமினார். நான் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கூலியைப் பற்றிச் சொன்னேன், இருபது வருடமாகத் 'தற்காலிகம்' என்று ஒரு மனுஷியை அழைக்கிற ஊரைப் பற்றிச் சொன்னேன். ஆறாம் வசனத்தில் நிறுத்தவில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் போனேன். பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தந்தது பிழை என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். எஸ்தர் அக்கா சுவரோரத்தில் இருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நீ கீபோர்ட் வாசிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்ததை நான் கண்டேன். அம்மாவின் பிரசங்கத்தை ஞாபகத்துக்கு எடுத்து வைக்கிறான் என்று நினைத்தேன், பார்.

செவ்வாய்க்கிழமை அது எல்லோருடைய தொலைபேசியிலும் வந்துவிட்டது. சிவப்புக் கொடி அசைகிறது, என் முகம் வருகிறது, நான் பணக்காரரைப் பார்த்து அழுங்கள் என்கிறேன், முடிவில் உன் படமும் கட்சிச் சின்னமும். ஆறாம் வசனத்தோடு வெட்டியிருந்தாய். மிச்சம் எங்கே என்று கேட்டேன். "அது தேவல்லம்மா, வீடியோ நீண்டுட்டு" என்றாய். நான் பிழை விட்டேன் என்று சொன்ன இடமும் அந்த மிச்சத்தில்தான் போய்விட்டது. அடுத்த கிழமை போதகர் ஐயா கூப்பிட்டார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. "டீச்சர், அடுத்த காலாண்டுப் பிரசங்கத் திட்டத்தில உங்கட பேர் போடல்ல. குறை நினைக்காதீங்க, கொஞ்சம் ஓய்வெடுங்க." பீடத்தைக் கட்சிக்கு வித்துட்டா என்று முன் வாங்கில் கதைத்தார்கள். முப்பது வருடம் ஏறிய படியில் நான் அதற்குப் பிறகு ஏறவில்லை. அந்த நேரத்தில் ஒரு நாளாவது உன்னை ஏசினேனா? இல்லை. ஆறு வசனமாவது ஊருக்குக் கேட்டதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பெண்கள் ஐக்கியத்தில் உனக்காகச் சண்டை பிடித்தேன். நீ சொன்னபடி அவர்களை நிரந்தரமாக்குவாய் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

நீ வென்ற அன்று எஸ்தர் அக்கா தன் கையால் கட்டிய மாலையை உன் கழுத்தில் போட்டாள். நீ குனிந்து அவளுடைய காலைத் தொட்டாய். வேதக்காரர் மனுஷர் காலில் விழுகிறதில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அன்று உன்னைப் பெற்றதற்காகப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

பிறகு மாதங்கள் போயின. முதலில் மேலிடத்து அனுமதி வரவேண்டும் என்றாய், பிறகு கட்டம் கட்டமாக என்றாய். பிறகு ஒரு நாள் உன் வாயால் இல்லை, சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டேன், குப்பை அள்ளும் வேலையை வெளியே ஒப்பந்தத்துக்கு வேலை எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கச் சபை தீர்மானித்துவிட்டது என்று. தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்களில் நீயும் ஒருவன். தற்காலிகமும் போய்விட்டது. எஸ்தர் அக்காவும் மற்றவர்களும் சபை வாசலில் பாய் விரித்து இருந்துவிட்டார்கள். இன்று ஒன்பதாம் நாள்.

ஐந்தாம் நாள் சம்சுதீன் காக்கா வீட்டுக்கு வந்தார். அவர்தான் தினமும் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுக்கிறார், உனக்குத் தெரியுமோ தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையில் இருக்காமல் நின்றபடியே தன் தொலைபேசியை நீட்டினார். அதில் ஒரு வீடியோ. நீ சபை வாசலில் நிற்கிறாய், வெள்ளைச் சேர்ட், பின்னால் இரண்டு பேர் குடை பிடிக்கிறார்கள். "அம்மாமாரே, ஐயாமாரே, நம்மட வேதம் என்ன சொல்லுது? வேளாண்மைக்காரன் மழைக்குப் பொறுத்திரிக்கான். நீங்களும் கொஞ்சம் பொறுத்திரிங்க. எங்கட அம்மாவே இத எத்தின தரம் பிரசங்கிச்சிரிக்கா." வெட்டி எறிந்த ஏழாம் வசனத்தை எடுத்து வைத்திருந்திருக்கிறாய். தேவையில்லை என்றாயே, தேவைப்படும் நாள் வரும் என்று தெரிந்திருக்கிறது.

காக்கா தொலைபேசியை மடியில் செருகிக்கொண்டார். "தங்கச்சி, இந்த வசனத்த நான் முன்னயும் ஒருக்கா கேட்டிரிக்கன். எங்கட வீட்டுக்காரி உங்கட விறாந்தையில இருந்து கேட்டுட்டு வந்து எனக்குச் சொன்னா" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, மகன். இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அப்பாவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கினார், தெரிந்துகொண்டுதான் பெருநாளுக்குச் சாப்பாடு அனுப்பினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க, அல்லாஹ் பெரியவன். அதுகள் வெயில்ல இரிக்கி, அதப் பாருங்க" என்றார். அவர் வாயிலும் அதே 'அதுகள்'தான். ஆனால் பிள்ளைகளைச் சொல்கிறது போலச் சொன்னார். நீ சொன்னது வேறு மாதிரி.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது எஸ்தர் அக்கா என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பினாள். பிறகு பத்து அடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவள் கத்தவில்லை. "டீச்சர், அண்டைக்கு நீங்க மேல நிண்டு வாசிச்ச எங்களுக்காகவா, தம்பிக்காகவா?" என்று கேட்டாள். உங்களுக்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் கையில் என் வாசிப்பால் வந்தது ஒன்றுமில்லை, உன் கையில் ஒரு கதிரை வந்திருக்கிறது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய், மகன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பீடம் போனதை நான் துரோகம் என்று சொல்லவில்லை. என் வாயை இரவல் வாங்கி, முதலில் அவர்களுக்கு ஆசை காட்டினாய், பிறகு அதே வாயால் அவர்களை அடக்கப் பார்க்கிறாய். அப்பாவிடமிருந்து மேடையை எடுத்துக்கொண்டாய், என்னிடமிருந்து வசனத்தை எடுத்துக்கொண்டாய். இரண்டையும் நாங்கள் எதற்காக வைத்திருந்தோம் என்பதை எடுக்கவில்லை. இடதுசாரி என்றால் வேதத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று உன் அப்பாவின் கட்சியில் சிலர் சொன்னபோது அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. வேதக்காரி என்றால் சிவப்பனோடு வாழக்கூடாது என்று தேவாலயத்தில் சொன்னபோது நானும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் பட்ட பாடு உனக்கு இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கத்தான் உதவியிருக்கிறது.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். சபையில் உனக்குத் தனியாகப் பலமில்லை, மேலே இருந்து கடிதம் வந்துவிட்டது, நீ எதிர்த்துக் கையுயர்த்தினால் உன்னை ஓரங்கட்டிவிடுவார்கள், உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்யலாம். இருக்கலாம். அதை வாசலுக்கு வந்து அப்படியே சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருக்கமாட்டேன். முடியவில்லை அக்கா, பயந்துவிட்டேன் அக்கா என்று சொல்லியிருந்தால், எஸ்தர் அக்கா உன் தலையைத் தடவித் தேத்தண்ணி தந்திருப்பாள். நீ பயத்தை வேதத்தால் மூடினாய். நானும் ஒரு காலம் அதைத்தான் செய்தேன், அதனால் அந்த வேலை எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பொறுங்கள் என்று யாக்கோபு சொன்னது உண்மை. கூடப் பட்டினி கிடக்கிறவர்களுக்கு, கூட இருந்துகொண்டு சொன்னார். கொடுக்க வேண்டியதைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு அந்த வசனத்தை வாயில் எடுக்க உரிமை கிடையாது. வீட்டில் அடுப்பு எரிகிற நானும் அன்று எடுத்திருக்கக் கூடாது. உன் வேதத்தையோ உன் கட்சியையோ விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் முழுதாக எடு, உனக்கு எதிராக இருக்கிற பக்கத்தையும் சேர்த்து எடு. நீ ஏழில் தொடங்கியபோது ஒன்பது வரைக்காவது போயிருக்கலாம். நியாயம் தீர்க்கிறவர் வாசலில் வந்து நிற்கிறார் என்று அங்கே இருக்கிறது. உன் சபை வாசலில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் யன்னலால் எட்டிப் பார்த்திருப்பாய்.

நீ கேட்டபடியே நாளை காலை வருகிறேன். சம்சுதீன் காக்கா லொறியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், முழங்கால் வலிக்குக் கட்டிக்கொள்ளத் துணியும் எடுத்து வைத்துவிட்டேன். எஸ்தர் அக்காவுக்குப் பக்கத்தில், அவள் இடம் தந்தால், பாயில் இருப்பேன். இடம் தராவிட்டால் மண்ணில் இருப்பேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான். அவர்களை எழுப்பிவிட எனக்கு ஒரு வசனமும் தெரியாது. கொந்தராத்துத் தீர்மானத்தைத் திருப்பி எடுக்கும் வரைக்கும் அங்கேதான் இருப்பேன். சாப்பாடு கொண்டுவந்து தராதே, குடை பிடிக்க ஆள் அனுப்பாதே.

எட்டு மணிக்கு உன் வாகனம் வரும். சாரதியிடம் சொல்லி வை, ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று. நான் எழும்பமாட்டேன்.

உன் அம்மா